ஆசிரியப் பயிற்சியும் சமயப் பிரிவினையும்



ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்புக்கு அண்மையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர் சுந்தரபாண்டியம். அவ்வூரே என் ஊர். வயலும் தறியும் ஊரார்க்கு வாழ்வளித்தன. எனக்கு வாழ்வளித்தது கரும்பலகை. முப்பதாண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணி ஆற்றி ஓய்வு பெற்றவன் நான். இன்று உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்ட பொருள், ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதில் சமயத்தால் ஏற்பட்ட பிரிவினை என்பது. மாணவர்களாகிய நமக்கு இதனால் ஆவது என்ன என்று நீங்கள் எண்ணலாம். உங்களுள் பலர் நாளை ஆசிரியராகப் போகிறவர்கள். ஏனையோர் அனைவரும் ஆசிரியர் ஒருவரின் கையால் உருவாகிறவர்கள். ஆதலின் இப்பொருள் உங்களுக்கு உரியதே.

முதலில் என் வாழ்வில் நிகழ்ந்த ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

1977-ஆம் ஆண்டு. பயிற்சி முடித்து வெளிவந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஒரு தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எனக்குத் தரப்பட்டிருந்தது. ஆகஸ்டு மாதக் கடைசி. ஆவணி பிறந்தும் வெயில் தணியவில்லை. பிற்பகலில் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தித் தேகப்பயிற்சி செய்வித்துக்கொண்டிருந்தேன். வரிசையில் நின்ற சிறுவன் ஒருவன் தள்ளாடி விழுந்தான். ஓடிச் சென்று தூக்கி, வேப்பமர நிழலில் கிடத்தி, குவளையில் நீர் கொணர்ந்து அவன் வாயருகே வைத்தேன். அவன் உதடுகளை இறுக மூடிக்கொண்டு தலையை அசைத்தான். மீண்டும் முயன்றேன். மீண்டும் மறுத்தான். பிடிவாதம் என்று கருதி அவனைக் கடிந்துகொண்டேன். அப்போது பக்கத்தில் நின்ற பையன் ஒருவன், “சார், அவன் நோன்பு” என்றான்.

நோன்பு என்றால் தண்ணீர் குடிக்கலாகாதா? அதுகூட அன்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுப் பாட்டியார் ஏகாதசியன்று பாலும் பழமும் உண்பார், நீரும் அருந்துவார். விரதம் என்றால் எல்லார்க்கும் அவ்வாறே என்று எண்ணியிருந்தேன். ரமலான் மாதத்தில் வைகறை முதல் கதிரவன் மறையும் வரை ஒரு துளி நீரும் பருகாமல் இருப்பர் என்பதும், நோயுற்றவர்க்கும் வழிப்பயணம் செய்பவர்க்கும் அம்மார்க்கத்திலேயே விலக்கு உண்டு என்பதும் நான் பின்னரே அறிந்தவை. முன்னதை அறிந்திருந்தால் அவனை வெயிலில் நிறுத்தியிருக்கமாட்டேன். பின்னதை அறிந்திருந்தால் கடிந்துகொள்ளாமல், “மயங்கி விழுந்தவனுக்கு நோன்பை முறித்துக்கொள்ள இடம் உண்டு, தம்பி” என்று அன்போடு எடுத்துச் சொல்லியிருப்பேன்.

மறுநாள் அவனுடைய அத்தா பள்ளிக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்றே அஞ்சினேன். அவரோ, “முதல் நோன்பு சார். பிள்ளை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்; சொல்லாதது அவன் தப்பு” என்றார். தவறு முழுவதும் என்னுடையது. பழியை ஏற்றுக்கொண்டதோ அவர். அந்தப் பெருந்தன்மைதான் என்னை இன்றளவும் சுடுகிறது.

இந்த அறியாமை எனக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். எம் சமயத்தாரே நடத்திய ஒரு பயிற்சிப் பள்ளியில் ஈராண்டு பயின்றேன். உடன் பயின்றோர் ஏறக்குறைய அனைவரும் எம் சமயத்தினர், கற்பித்தோரும் அப்படியே. விடுதியில் ஒரே வகை வழிபாடு, ஒரே வகை உணவு, ஒரே வகைப் பண்டிகை. குழந்தை உளவியல் கற்றேன். பாடக் குறிப்பு எழுதக் கற்றேன். ஆனால் வேற்றுச் சமயத்தைச் சேர்ந்த தோழர் ஒருவரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் வாய்ப்பு ஒரு நாளும் கிட்டவில்லை. அப்பள்ளியார் எவரையும் வெறுக்கும்படி எமக்குக் கற்பித்ததில்லை. யாரையும் வெறுக்காமலே அறியாமையில் ஒருவன் வளரக்கூடும் என்பதை நான் அறிந்துகொண்டது அவ்வாறே.

இனி, இப்பிரிவினை எவ்வாறு தோன்றியது என்பதைக் காண்போம். வியப்பான செய்தி யாதெனில், இக்கதையின் முதல் ஏடு நம் சென்னையிலே எழுதப்பட்டது.

1787-ஆம் ஆண்டில் ஆண்டுரு பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார் சென்னைக்கு வந்தார். 1789-இல் எழும்பூரில் படைவீரர்களின் அநாதைச் சிறுவர்க்கென அமைந்த விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஆசிரியர் போதவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதை அவர் கண்டார். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான் அல்லவா? கற்ற பிள்ளை கல்லாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் அம்முறையை ஒத்த ஏற்பாட்டைத் தம் பள்ளியில் அவர் ஒழுங்குற அமைத்தார். தாயகம் திரும்பி, 1797-இல் அதனை நூலாக வெளியிட்டார். அது ‘சென்னை முறை’ என்றே மேனாட்டில் பெயர் பெற்றது. ஏறத்தாழ அதே காலத்தில், இலண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதனைப் போன்ற முறையில் பள்ளி நடத்தினார்.

இருவர் முறையும் பெரும்பாலும் ஒன்றே. ஆனால் பெல் இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்தவர். லங்காஸ்டர் அச்சபையைச் சாராத குவேக்கர் வகுப்பினர். ஆகவே முறை ஒன்றாயிருந்தும் சங்கங்கள் இரண்டாயின. திருச்சபையார் 1811-இல் தேசியச் சங்கத்தை நிறுவினர். லங்காஸ்டரைச் சார்ந்தோர் அமைத்த சங்கம், 1814-இல் பிரிட்டிஷ் அயல்நாட்டுப் பள்ளிச் சங்கம் என்று பெயர் பெற்றது. ஆசிரியரைப் பயிற்றும் வேலையையும் இரு சங்கங்களும் தனித்தனியே மேற்கொண்டன.

1839-இல் இங்கிலாந்து அரசாங்கம் இரு திறத்தார்க்கும் பொதுவாக ஒரு பயிற்சிப் பள்ளியை நிறுவ முற்பட்டது. கல்விக் குழுவின் செயலாளராயிருந்த ஜேம்ஸ் கே அத்திட்டத்தின் உயிர்நாடி. பொதுவான சமயக் கல்வி எல்லார்க்கும். தத்தம் சபைக்குரிய தனிக் கல்வி அவரவர்க்கு. இதுவே அத்திட்டம். எதிர்ப்பு சூறாவளியெனக் கிளம்பியது. எந்தச் சபையின் கருத்தைக் கற்பிப்பது என்னும் வழக்கில் திட்டமே கைவிடப்பட்டது. அதற்கென ஒதுக்கிய 10,000 பவுன் தொகையும் இரு சங்கங்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டது. கே மனம் தளராமல் 1840-இல் பாட்டர்சீ என்னுமிடத்தில் சொந்த முயற்சியால் ஒரு பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். ஆயினும் பொதுப் பள்ளி என்னும் கனவு அன்று நிறைவேறவில்லை.

பொதுப் பள்ளிக்கூடத்தைப் பொறுத்துக்கொண்டவர்களும் பொதுப் பயிற்சிப் பள்ளியைப் பொறுக்காதது ஏன்? காரணம் தெளிவானது. ஒரு பிள்ளையைச் சமயத்தார் இழந்தால் ஒருவனையே இழக்கிறார்கள். ஓர் ஆசிரியரை இழந்தால் ஒரு தலைமுறையை இழக்கிறார்கள். ஆண்டுக்கு 40 பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால், 30 ஆண்டுகளில் ஓர் ஆசிரியரின் கண்முன் 1,200 பிள்ளைகள் வளர்கிறார்கள். அதனால்தான் சமயச் சபைகள் எங்கும் பயிற்சிப் பள்ளியைத் தம் கோட்டையாகக் கருதிக் காத்துவந்தன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1854-ஆம் ஆண்டின் கல்வி அறிக்கை, சார்லஸ் வுட்டு என்பாரின் பெயரால் வழங்குவது, மூன்று செய்திகளை உறுதி செய்தது. அரசாங்கப் பள்ளிகளில் சமயச் சார்பு இராது. தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு, அவை தரும் உலகியற் கல்வியை மட்டும் நோக்கி, அரசு உதவித்தொகை அளிக்கும். ஆசிரியரைப் பயிற்ற ‘நார்மல் பள்ளி’கள் நிறுவப்படும். அவ்வாறே 1856-இல் சென்னையில் அரசாங்க நார்மல் பள்ளி தோன்றியது. பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி என்று புகழ் பெற்றது அதுவே.

ஆனால் சென்னை எங்கே, நம் சீமை எங்கே? எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அக்காலத்தில் தெற்கே பாளையங்கோட்டையும் வடக்கே மதுரையை அடுத்த பசுமலையும் கிறிஸ்தவ மிஷன்களின் கல்வி நிலையங்களால் பெயர் பெற்றிருந்தன. பசுமலையில் அமெரிக்க மதுரை மிஷன் 1845 முதல் கல்விப் பணி ஆற்றியது. பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் என்னும் அம்மையாரின் பெயரால், ஆசிரியைகளை ஆக்கும் பள்ளியொன்று வளர்ந்தது. 1895-இல் அது கல்லூரியாகவும் உயர்ந்தது. பெண் கல்வி என்றாலே முகம் சுளித்த காலத்தில், பெண்ணை ஆசிரியையாக்கிய பெருமை இத்தகைய நிலையங்களுக்கு உண்டு. இதனை மறைப்பது நன்றி கொன்ற செயலாகும். அதே வேளையில், இவை தத்தம் சபைகளுக்கும் ஊழியத்துக்கும் வேண்டிய ஆசிரியரை ஆக்கவே முதன்மையாக எழுந்தவை என்பதும் மறைக்கலாகாத உண்மை.

இந்நிலை எத்தகைய சிக்கலை விளைக்கும் என்பதற்கு, தமிழ் வழங்கும் நிலங்களுள் யாழ்ப்பாணமே தெளிவான சான்று. அங்கே அமெரிக்க மிஷன் 1816 முதல் வேரூன்றியது. வட்டுக்கோட்டையில் 1823-இல் உயர்கல்விக் கூடமும், உடுவிலில் 1824-இல் பெண்கள் விடுதிப் பள்ளியும் தொடங்கின. வெஸ்லியன் சபையாரும் ஆங்கிலத் திருச்சபையாரும் கத்தோலிக்கரும் தத்தம் பள்ளிகளைப் பெருக்கினர். கோப்பாய், தெல்லிப்பழை, கொழும்புத்துறை முதலிய இடங்களில் கிறிஸ்தவச் சபைகளின் பயிற்சிக் கலாசாலைகள் அமைந்தன.

வெஸ்லியன் பள்ளியிலே கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியார்க்கு வேதாகம மொழிபெயர்ப்பில் துணை நின்ற ஆறுமுக நாவலர், 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பள்ளி கட்டலாம், பாடநூலும் எழுதலாம். நாவலர் இரண்டும் செய்தார். அதன் பிறகும் ஒரு தடை நின்றது.

அத்தடையைச் சற்று விளக்கிக் கூறுகிறேன். பொருளின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பள்ளிக்கு அரசின் உதவித்தொகை வேண்டுமானால் தகுதி பெற்ற ஆசிரியர் வேண்டும். தகுதிச் சான்றிதழ் வேண்டுமானால் பயிற்சி வேண்டும். பயிற்சிக் கலாசாலைகளோ பெரும்பாலும் கிறிஸ்தவச் சபைகளின் கையில். ஆதலின் சைவ இளைஞன் ஒருவன் ஆசிரியத் தொழிலை விரும்பினால், தன் சமயத்தாரல்லாதார் நிலையத்தின் வாயிலில் போய் நிற்க வேண்டும். அங்கே இடம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அச்சமயச் சூழலிலேயே வாழ வேண்டும். சோற்றுக்காகச் சமயம் மாற நேர்கிறது என்று சைவர்கள் முறையிட்டனர். சைவப் பிள்ளைகளுக்குச் சைவப் பள்ளி கட்டியும், அதில் கற்பிக்கத் தகுதி பெற்ற சைவ ஆசிரியர் போதிய அளவில் இல்லை. மூன்று வளையங்கள் கொண்ட சங்கிலி இது. சட்டம் எதுவும் ‘சைவன் ஆசிரியனாகலாகாது’ என்று கூறவில்லை. ஆயினும் சங்கிலி அவனைக் கட்டியது.

1888-இல் சைவபரிபாலன சபை தோன்றியது. 1923-இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் எழுந்தது. ‘இந்து போர்டு’ என்று மக்கள் அழைத்த அச்சங்கத்தின் உயிராக விளங்கியவர் சு. இராசரத்தினம். ஊர்தோறும் சைவப் பள்ளிகளை நிறுவிய அவர், 1928-இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் சைவாசிரிய கலாசாலையைத் தொடங்கச் செய்தார். நம் திருநெல்வேலியின் பெயரையே தாங்கிய ஊர் அது! பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை போன்ற பேரறிஞர் அங்கே விரிவுரையாளராயிருந்து தமிழ் உணர்வும் சைவ உணர்வும் ஊட்டினர். இலங்கையின் கிழக்கே, முஸ்லிம் ஆசிரியரின் குறையைப் போக்க, 1941-இல் அட்டாளைச்சேனையில் ஒரு பயிற்சிக் கலாசாலை நிறுவப்பட்டது. ஆக, 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கைத் தமிழ் பேசுவோரிடையே சைவர்க்கொன்று, கிறிஸ்தவர்க்குச் சில, முஸ்லிம்களுக்கொன்று எனப் பயிற்சிக் கூடங்கள் பிரிந்து நின்றன.

இதனைக் குற்றம் என்பதா, நீதி என்பதா? பிரிவினையை முதலில் உண்டாக்கியவர் பின்னவர் அல்லர். பூட்டிய கதவுக்கு எதிரே தமக்கொரு கதவு அமைத்துக்கொண்டவர் அவர். ஆதலின் அவர் செய்தது நீதியே. ஆனால் நீதியாகப் பிறந்த ஒன்றும், நாளடைவில் பழக்கமாக இறுகும்போது, புதிய குறையை ஈன்றுவிடுகிறது. தனக்கென ஒரு கதவு பெற்றவன், அடுத்த வீட்டு முற்றத்தைக் காண்பதே இல்லை.

1960-இல் இலங்கைப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. உதவி பெறும் பள்ளிகளையும் பயிற்சிக் கல்லூரிகளையும் அரசின் மேலாட்சிக்குக் கொணர்ந்த சட்டம் அது. சட்டத்தின் பெயரிலேயே ‘பயிற்சிக் கல்லூரிகள்’ என்னும் சொல் இடம்பெற்றதை நோக்குக. சமயச் சபைகளுள் சில கடுமையாக எதிர்த்தன, சில வரவேற்றன. 1961-இல் துணைச் சட்டமொன்றும் வந்தது. சபைக்கொரு பயிற்சி என்னும் ஏற்பாடு தளர்ந்தது. சமயம் பள்ளிப் பாடமாக நிலைத்தது. எனினும், சமயத்தால் பிரிந்திருந்த பயிற்சி பெரும்பாலும் மொழியால் பிரிந்து நின்றது. சிங்களம் வழியே பயில்வோர் ஓரிடம். தமிழ் வழியே பயில்வோர் மற்றோரிடம். இருவரும் ஒரே நாட்டின் பிள்ளைகளுக்கு ஆசிரியராயினர். ஒருவரையொருவர் அறியாமலே ஆயினர். அதன் பிறகு அந்நாட்டில் நிகழ்ந்த துயரங்களுக்கு இது ஒன்றே காரணம் என்று கூறுவது மிகையாகும். ஆயினும், ஒருவரையொருவர் அறிந்த ஆசிரியர் ஆயிரக்கணக்கில் இருந்திருந்தால், அவை ஒரு தடுப்புச் சுவராக நின்றிருக்கும் வாய்ப்பு இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

இன்னொரு நாட்டையும் பாருங்கள். வட அயர்லாந்தின் தலைநகர் பெல்பாஸ்ட்டு. அங்கே கத்தோலிக்கர், புரொட்டஸ்டாண்டினர் என்னும் இரு திறத்தாரும் கிறிஸ்தவரே. 1900-இல் கத்தோலிக்க ஆசிரியைகளைப் பயிற்ற புனித மரியாள் கல்லூரி தோன்றியது. நாடு பிரிந்தபின் 1922-இல் அரசு ஸ்டிரான்மில்லிஸ் கல்லூரியை நிறுவியது. பெயரளவில் அது பொதுக் கல்லூரி. கத்தோலிக்க ஆயர்களோ அதனை ஏற்கவில்லை. விளைவு என்ன? 1925 முதல் கத்தோலிக்க ஆடவர் ஆசிரியப் பயிற்சிக்காகக் கடல் கடந்து இலண்டனுக்கு அருகிலுள்ள கத்தோலிக்கக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டனர். உள்ளூரில் ஒரு கல்லூரி இருக்க, கடல் கடந்து சென்றனர்! இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே அவர்களுக்குப் பெல்பாஸ்ட்டிலே தனிக் கல்லூரி கிடைத்தது.

1980-இல் அரசு அமைத்த குழுவொன்று, கல்லூரிகளை ஒரே வளாகத்துக்குக் கொணரலாம் என்று பரிந்துரைத்தது. கத்தோலிக்கரிடமிருந்து பேரெதிர்ப்பு எழுந்தது, திட்டம் நின்றது. தெருக்களில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆயினும் 1981-இல் பெற்றோர் சிலர் துணிந்து, இரு திறத்துப் பிள்ளைகளும் சேர்ந்து பயிலும் லாகன் கல்லூரி என்னும் பள்ளியை 28 மாணவருடன் தொடங்கினர். அரசும் சபையும் செய்யத் தயங்கியதைப் பெற்றோர் செய்து காட்டினர். 1998-இல் அமைதி உடன்பாடு ஏற்பட்டது. ஆசிரியரை வேலைக்கு எடுப்பதில் சமயத்தை நோக்கலாகாது என்னும் விதி பள்ளிகளுக்கும் பொருந்துமாறு சட்டம் இயற்றப்பட்டதோ, 2022-ஆம் ஆண்டில்தான். போர் ஓய்ந்து 24 ஆண்டு கழித்து! பயிற்சிக் கல்லூரிகள் இரண்டும் இன்றும் தனித்தனியே இயங்குகின்றன. பிரிவினையுள் ஆசிரியப் பயிற்சிப் பிரிவினை எத்துணை ஆழமாக வேர்விடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் அரசியலமைப்பு இச்சிக்கலை எவ்வாறு நோக்குகிறது? உங்கள் குடிமைப் பாடத்தில் இரு விதிகளை நீங்கள் கற்றிருப்பீர்கள். 28-ஆம் விதியின்படி, முற்றிலும் அரசு நிதியால் நடக்கும் கல்வி நிலையத்தில் சமயப் போதனை கூடாது. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெற்ற நிலையங்களில், ஒருவரை அவர் இசைவின்றி, சிறுவராயின் பாதுகாவலர் இசைவின்றி, சமயப் போதனையில் கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தலாகாது. 30-ஆம் விதியோ, சமயச் சிறுபான்மையினர்க்கும் மொழிச் சிறுபான்மையினர்க்கும் தம் விருப்பப்படி கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமை அளிக்கிறது. ஒரு விதி மனிதனின் மனச்சான்றைக் காக்கிறது. மற்றொன்று சமூகத்தின் தனித்தன்மையைக் காக்கிறது.

இவ்வுரிமை உச்ச நீதிமன்றத்தில் சோதிக்கப்பட்டது ஓர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் வழக்கிலேயே ஆகும். குஜராத்தில் கிறிஸ்தவச் சபை ஒன்று, தன் தொடக்கப் பள்ளிகளுக்கு வேண்டிய ஆசிரியரை ஆக்கப் பயிற்சிக் கல்லூரி நடத்திவந்தது. 1955-இல் அன்றைய பம்பாய் அரசு, அரசல்லாத பயிற்சிக் கல்லூரிகள் 100-க்கு 80 இடங்களை அரசு அனுப்பும் ஆசிரியர்க்கு ஒதுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. மீறினால் உதவித்தொகையும் அங்கீகாரமும் போய்விடும் என்றது. 1962-இல் உச்ச நீதிமன்றம், அவ்வாணை சிறுபான்மையினர் உரிமையைப் பறிப்பது என்று தீர்ப்பளித்தது. கல்வித் தரம், ஒழுங்கு, நலம் முதலியவற்றைக் காக்கும் விதிகளை அரசு இயற்றலாம். நிலையத்தின் தன்மையையே அழிக்கும் விதியை இயற்றலாகாது என்பது தீர்ப்பின் சாரம். யாழ்ப்பாணத்துச் சைவர் எந்தச் சங்கிலியால் கட்டுண்டனரோ, உதவித்தொகை, அங்கீகாரம், பயிற்சி என்னும் அதே சங்கிலி இங்கே சிறுபான்மையினரைக் கட்டாதபடி நீதிமன்றம் தடுத்தது. இத்தீர்ப்பை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன்.

அங்ஙனமாயின், என் குறைதான் என்ன என்று கேட்பீர்கள்.

நடத்துவோர் யார் என்பது ஒரு வினா. உள்ளே பயில்வோர் யாரை அறிகின்றனர் என்பது வேறொரு வினா. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வதால்தான் இத்துணைப் பூசலும் எழுகிறது. ஒரு சமயத்தார் ஒரு பயிற்சிப் பள்ளியை நடத்தட்டும். அவர்தம் வழிபாடும் வழக்கமும் அங்கே நிலவட்டும். அதனால் நாட்டுக்குக் கேடில்லை. நான் பயின்ற பள்ளியையும் மூட வேண்டும் என்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை. அங்கே கற்ற தமிழும் ஒழுங்கும் என் வாழ்நாள் முழுதும் துணை நின்றன. ஆனால் அங்கிருந்து வெளிவரும் ஆசிரியர், தம் வகுப்பில் அமரப்போகும் எல்லாப் பிள்ளைகளின் வீட்டையும் ஓரளவேனும் அறிந்து வர வேண்டும். இதைக் கேட்பது உரிமைப் பறிப்பாகாது, தொழிலறிவு ஆகும். கண் மருத்துவர் ஒருவர் ஒரு நிறக் கண்களை மட்டும் பயின்று வருவதுண்டோ?

செய்யத்தக்கவை பெரிய காரியங்களும் அல்ல. பயிற்சி மாணவர் கற்பித்தற் பயிற்சிக்குச் செல்லும் வாரங்களுள் சிலவற்றை, வேற்றுச் சமயத்தார் நடத்தும் பள்ளியில் கழிக்கலாம். இரண்டு பயிற்சிப் பள்ளிகள் தம் ஆசிரியர்களை ஒரு பருவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். நம் பிள்ளைகளின் நோன்பும் பண்டிகையும், உண்பதும் விலக்குவதும், பிறப்பும் இறப்பும் பற்றிய வழக்கங்களை ஒரு பாடமாகவே வைக்கலாம். எந்தச் சமயம் உயர்ந்தது என்று கூறும் பாடம் அன்று அது. எந்தப் பிள்ளைக்கு எந்நாளில் எது கடினம் என்று கூறும் பாடம். திருக்கார்த்திகை, பெரிய வெள்ளி, ரமலான் என்னும் பெயர்கள் நாட்காட்டியில் சிவப்பு எழுத்துகளாக மட்டும் நின்றுவிடலாகாது. ஆசிரியரின் பாடக் குறிப்பிலும் அவை இடம்பெற வேண்டும்.

மாணவச் செல்வங்களே, இதில் உங்கள் பங்கும் ஒன்று உண்டு. பயிற்சிப் பள்ளி மாறும் வரை காத்திருக்க வேண்டுவதில்லை. அன்று என் அறியாமையைப் போக்கியவர் பேராசிரியர் எவரும் அல்லர்; வரிசையில் நின்ற பத்து வயதுப் பையன். அவன் தன் தோழனின் நோன்பை அறிந்திருந்தான். காரணம், இருவரும் ஒரே பலகையில் அமர்ந்தவர்கள். ஈராண்டுப் பயிற்சி எனக்குத் தராததை அந்தப் பலகை அவனுக்குத் தந்திருந்தது.

நிகழ்ச்சியின் முடிவைக் கூறிவிடுகிறேன். அவ்வாண்டு அம்மாதம் முடியும் வரை, தேகப்பயிற்சி வகுப்பைத் தலைமையாசிரியர் இசைவுடன் காலை முதல் மணிக்கு மாற்றிக்கொண்டேன். நோன்பு நோற்ற பிள்ளைகளை நிழலில் அமர்த்தி மதிப்பெண் ஏட்டில் கோடு இழுக்கச் செய்தேன். பெருநாளன்று மாலை அச்சிறுவன் ஒரு தூக்குச் சட்டியோடு என் வீட்டு வாயிலில் வந்து நின்றான். உள்ளே இனிப்புச் சேமியா இருந்தது. “சார், அத்தா கொடுக்கச் சொன்னாங்க” என்றான். அதை வாங்கிக்கொண்டு, ஒரு குவளை தண்ணீர் கொணர்ந்து நீட்டினேன். இம்முறை அவன் மறுக்கவில்லை. சிரித்துக்கொண்டே முழுவதும் குடித்தான்.